டோக்கியோவின் நகரப் புகையிரதங்கள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், டோக்கியோ நகரைச் சுற்றி ஓடும் யமனோத்தே வட்டப் பாதையைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு வெளியாகியிருந்தது. காலை வேளையில் அங்கே சில நிமிடங்களுக்கொரு வண்டி வருகிறது என்று அதில் எழுதியிருந்ததை ஒட்டித் திருகோணமலை மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்தும் கேள்விகள் வந்திருப்பதால், இம்முறை பகுதி முழுவதும் அந்த விடயத்துக்கே ஒதுக்கப்படுகிறது. கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊர்களை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, டோக்கியோவில் ஓடும் புகையிரதங்கள் எல்லாம் ஒரே நிர்வாகத்தின் கீழ் உள்ளனவா? வழித்தட வரைபடத்தைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. (உவர்மலை வாசகி)

பதில்: இல்லை. 1987 ஏப்ரல் 1 ஆம் திகதி ஜப்பானிய தேசிய புகையிரத சேவை பிரிக்கப்பட்டுத் தனியார்மயமானபோது, தலைநகரப் பகுதியின் பாதைகள் ஜே.ஆர். கிழக்கு என்ற கம்பனியிடம் சென்றன. யமனோத்தே பாதை அதற்கு உரியது. நிலக்கீழ்ப் பாதைகளில் ஒன்பதை டோக்கியோ மெட்ரோவும், நான்கை மாநகர அரசும் நடத்துகின்றன. இவற்றோடு கெயோ, ஒடக்யூ, தோக்யூ, தோபு, செய்பு, கெய்செய், கெய்க்யூ எனப் பழைய தனியார் கம்பனிகளும் உண்டு. இவற்றுள் பலவற்றின் பாதைகள் புறநகரிலிருந்து வந்து யமனோத்தே வட்டத்தைத் தொடும் இடத்தில் முடிவடையும்படி அமைந்தன. ஷின்ஜுகு, ஷிபுயா, இகெபுகுரோ ஆகிய நிலையங்கள் அவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்கு முதற்காரணம் அதுவே. புறநகரிலிருந்து வந்தவர் அங்கே இறங்கி வட்டப் பாதைக்கு மாறியே ஆக வேண்டியிருந்தது. வரைபடத்தை விளங்கிக்கொள்ள முதலில் 34.5 கிலோமீற்றர் நீளமும் 30 நிலையங்களும் கொண்ட அந்த வட்டத்தை மட்டும் பாருங்கள். மற்றவை அதிலிருந்து கிளைப்பவை அல்லது அதை ஊடறுப்பவை.

கேள்வி: நான் புகையிரதத் திணைக்களத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எங்கள் தண்டவாளங்களின் இடைவெளி 1676 மில்லிமீற்றர். ஜப்பானியரின் சாதாரணப் பாதை அதைவிட மிகக் குறுகியது. அப்படியிருந்தும் அவ்வளவு சனத்தை எவ்வாறு ஏற்றுகிறார்கள்? வேகம்தான் காரணமா? (தம்பலகாமம் வாசகர்)

பதில்: தாங்கள் சொல்வது சரியே. அவர்களுடைய பாதை 1067 மில்லிமீற்றர் மட்டுமே; 1872 ஒக்ரோபரில் ஷிம்பாஷிக்கும் யோக்கஹாமாவுக்கும் இடையே முதற்பாதையைத் திறந்தபோது ஏற்றுக்கொண்ட அளவு அது. கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு முதல் வண்டி ஓடியது 1864 இல் என்பதை நினைத்தால், இந்த விடயத்தில் நாங்கள் அவர்களுக்கு மூத்தவர்கள்.

வேகம் காரணமன்று. யமனோத்தே வண்டி மணிக்கு 90 கிலோமீற்றருக்கு மேல் ஓடுவதில்லை. நின்று நின்று செல்வதால் அதன் சராசரி வேகம் ஏறத்தாழ 35 கிலோமீற்றர்தான். நகரப் புகையிரதத்தின் கொள்ளளவைத் தீர்மானிப்பது, வண்டி மேடையில் நிற்கும் நேரம். இரண்டு நிமிடத்துக்கொரு வண்டியை விட வேண்டுமென்றால், முன்வண்டி நிலையத்தை விட்டு நீங்குவதும், பின்வண்டி உள்ளே வந்து நிற்பதும், கதவு திறந்து சனம் இறங்கி ஏறுவதும், கதவு மூடுவதும் ஆகிய எல்லாம் அந்த 120 செக்கன்களுக்குள் முடிய வேண்டும். ஒரு நிலையத்தில் இருபது செக்கன் கூடுதலாகக் கழிந்தால் பின்னால் வரும் வண்டிகள் ஒவ்வொன்றும் சமிக்ஞையில் மறிபடும். கல்ஓயாச் சந்தியில் எதிர்வண்டிக்காகக் காத்திருந்து பழகிய எங்களுக்கு இருபது செக்கன் என்பது ஒரு நேரமாகவே தோன்றாது. ஆனால் அங்கே பெட்டியையும் மேடையையும் வடிவமைப்பவர்கள் அந்தச் செக்கன்களைத்தான் எண்ணுகிறார்கள்.

பெட்டியைப் பாருங்கள். வழமையான நகர்ப்பெட்டி 20 மீற்றர் நீளமானது. ஒவ்வொரு பக்கத்திலும் 1.3 மீற்றர் அகலமான நான்கு கதவுகள் இருக்கும். பதினொரு பெட்டிகள் கொண்ட யமனோத்தே வண்டி மேடைக்கு வந்ததும் 44 கதவுகள் ஒன்றாகத் திறக்கின்றன. எங்கள் பெட்டிகளில் இரு முனைகளிலும் உள்ள ஒடுங்கிய வாசல்களுக்கூடாகத் தேர்த்திருவிழா நாளில் கோயில் வாயிலில் நெரிவதுபோல் நெரிந்து இறங்குகிறோமே, அந்த நிலை வராதிருக்க அவர்கள் பெட்டியின் சுவரில் ஏறத்தாழக் காற்பங்கைக் கதவாக்கிவிட்டார்கள். தொண்ணூறுகளில் இன்னும் ஒரு படி மேலே சென்று, ஒரு பக்கத்துக்கு ஆறு கதவுகள் வைத்து, காலை நெரிசல் முடியும்வரை இருக்கைகளை மடித்து வைத்திருக்கும் பெட்டிகளையும் யமனோத்தே வண்டிகளில் இணைத்தார்கள். மேடை விளிம்பில் தானியங்கித் தடுப்புக் கதவுகள் அமைக்கத் தொடங்கியபோது, எல்லாப் பெட்டிகளின் வாசல்களும் ஒரே அளவில் அமைய வேண்டியிருந்ததால், 2011 இல் அவை அந்தப் பாதையிலிருந்து நீக்கப்பட்டன. நெரிசலுக்குப் பெயர்போன தோசாய் நிலக்கீழ்ப் பாதையிலோ, கதவின் எண்ணிக்கையைக் கூட்டாமல் அகலத்தை 1.8 மீற்றராக்கிய பெட்டிகளை ஓட்டுகிறார்கள். அந்தத் தீர்வே சிறந்ததென்று நான் கருதுகிறேன், ஏனெனில் கதவுகள் இருக்கும் இடம் மாறவில்லை.

மேடையிலும் ஒரு வித்தை உண்டு. கிழக்கு மேற்காக ஓடும் சூவோ விரைவுப் பாதையில், ஷின்ஜுகு நிலையத்தில் ஒரே திசைக்கு இரண்டு தடங்கள் இருக்கின்றன. ஒரு வண்டி ஒரு தடத்தில் நின்று சனத்தை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வண்டி மற்றத் தடத்தில் வந்து நின்றுவிடும். அதிக நேரம் நிற்க வேண்டிய நிலையத்தில் தடத்தை இரட்டிப்பாக்குவதால் முழுப் பாதையினதும் கொள்ளளவு உயர்கிறது. இரண்டடி கூடுதலான தண்டவாள இடைவெளியால் கிடைக்காத பலன் இது.

கேள்வி: சனத்தை உள்ளே தள்ளி அடைக்கும் ஊழியர்களைக் காணொளியில் பார்த்தேன். இப்போதும் அப்படியா? இவ்வளவு நெரிசலிலும் நேரம் தவறாதது அந்த மக்களின் பிறவிக் குணம் என்கிறார்களே? (நிலாவெளி வாசகர்)

பதில்: தள்ளும் பணிக்கு ஆட்களை நிறுத்தும் வழக்கம் 1955 இல் ஷின்ஜுகுவில் தொடங்கியது, மாணவர்கள் பகுதிநேரமாக அந்த வேலையைச் செய்தார்கள். இன்று அந்தக் காட்சி அரிது. நெரிசலை அந்நாட்டு அரசு நூற்றுவீதத்தில் கணக்கிடுகிறது. எல்லோரும் இருக்கையிலோ கைபிடியிலோ வசதியாக இருந்தால் 100 வீதம். உடல்கள் ஒன்றோடொன்று அழுந்தினால் 200 வீதம். கையைக்கூட அசைக்க முடியாவிட்டால் 250 வீதம். டோக்கியோவின் 31 முக்கிய பகுதிகளின் உச்சநேரச் சராசரி 1975 இல் 221 வீதமாக இருந்து, 2019 இல் 163 ஆகக் குறைந்தது. பெருந்தொற்றின் பின், 2023 இல், அது 136. அறுபதுகளில் தொடங்கி, நகரிலிருந்து ஐந்து திசைகளில் செல்லும் பிரதான பாதைகளில் விரைவு வண்டிக்கும் சாதாரண வண்டிக்கும் தனித்தனித் தடங்கள் போட்டதும், புதிய நிலக்கீழ்ப் பாதைகளைத் திறந்ததுமே அந்த வீழ்ச்சிக்குப் பெரும் காரணம்.

பிறவிக் குணம் என்ற விளக்கத்தை நான் ஏற்பதில்லை. 1973 மார்ச்சில், வேலைநிறுத்த உரிமை மறுக்கப்பட்டிருந்த தேசிய புகையிரத ஊழியர்கள், விதிகளை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றி வேலையை மந்தமாக்கும், எங்கள் நாட்டிலும் நன்கு தெரிந்த ‘சட்டப்படி வேலை’ போராட்டத்தில் இறங்கியபோது, சைத்தாமா மாநிலத்தின் அகெயோ நிலையத்தில் காத்திருந்த பயணிகள் பொறுமையிழந்து வண்டிகளையும் நிலையத்தையும் அடித்து நொறுக்கினார்கள். அடுத்த மாதம் அதே கலவரம் தலைநகரின் பல நிலையங்களுக்குப் பரவியது. வரிசையில் அமைதியாக நிற்பதாக நாம் வியக்கும் அதே மக்கள்தான் அவர்கள். பாதுகாப்பும் அப்படியே: 1962 இல் மிக்கவாஷிமாவில் மூன்று வண்டிகள் மோதி 160 பேர் இறந்த பிறகே, வண்டியைத் தானாக நிறுத்தும் கருவி நாடெங்கும் விரைந்து பொருத்தப்பட்டது. இடமும் தடமும் கருவியும் கிடைத்ததும் ஒழுங்கு வந்தது.

கேள்வி: இருபது செக்கன் முந்திப் புறப்பட்டதற்காக ஒரு கம்பனி மன்னிப்புக் கேட்டது உண்மையா? அவ்வளவு கடுமை தேவைதானா? (பாலையூற்று ஆசிரியை ஒருவர்)

பதில்: உண்மை. 2017 நவம்பரில், டோக்கியோவின் அகிஹாபராவையும் ட்சுகுபாவையும் இணைக்கும் பாதையில், 9 மணி 44 நிமிடம் 40 செக்கனுக்குப் புறப்பட வேண்டிய வண்டி 20 ஆவது செக்கனில் புறப்பட்டது. உலகம் முழுவதும் அதை வேடிக்கையாகவும் வியப்பாகவும் பேசியது.

ஆனால் அந்தக் கடுமையின் மறுபக்கம் வேடிக்கையானதன்று. 2005 ஏப்ரல் 25 ஆம் திகதி, ஒசாக்காவுக்கு அருகே அமகசாக்கியில், ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் பிந்திவிட்ட வண்டியை ஓட்டிய இளம் சாரதி, 70 கிலோமீற்றருக்குக் கட்டுப்படுத்தப்பட்ட வளைவில் 116 கிலோமீற்றர் வேகத்தில் நுழைந்தார். வண்டி தடம்புரண்டு அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் மோதியதில் சாரதியுடன் சேர்த்து 107 பேர் உயிரிழந்தார்கள். தவறு செய்த சாரதிகளை அழைத்துத் தண்டனை போன்ற மீள்பயிற்சிக்கு உட்படுத்தும் வழக்கம் அந்தப் பாதையை நடத்திய கம்பனியில் இருந்ததையும், அந்த அச்சம் சாரதியின் கவனத்தைக் கலைத்திருக்கக்கூடும் என்பதையும் விசாரணை எடுத்துக்காட்டியது. அதன்பின் நேர அட்டவணையில் இளக்கம் சேர்க்கப்பட்டது. ஆகவே தங்கள் கேள்விக்கு என் பதில்: மேடையில் சேமிக்கும் செக்கன் நல்லது, சாரதியின் பயத்திலிருந்து பறிக்கும் செக்கன் வேண்டாதது.

கேள்வி: பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டா? (உப்புவெளி வாசகி)

பதில்: உண்டு. பெண் பயணிகள் மீதான தொல்லைகள் காரணமாக, கெயோ பாதையில் 2000 ஆம் ஆண்டு இறுதியில் பரீட்சார்த்தமாகவும் மறு ஆண்டு நிரந்தரமாகவும் தொடங்கி, இப்போது பல பாதைகளில் காலை உச்சநேரத்தில் ஒரு பெட்டி ஒதுக்கப்படுகிறது. சிறு பிள்ளைகளும், மாற்றுத்திறனாளிகளும் அவர்களுக்கு உதவியாக வருபவர்களும் அதில் ஏறலாம்.

கேள்வி: ஒரு கம்பனியின் வண்டி மற்றொரு கம்பனியின் பாதையில் ஓடுமாமே. அது எப்படிச் சாத்தியம்? (கந்தளாய் வாசகர்)

பதில்: 1960 இல் மாநகர அரசின் அசகுசா நிலக்கீழ்ப் பாதையும் கெய்செய் கம்பனியின் பாதையும் இணைந்தபோது இது தொடங்கியது. அதற்காகக் கெய்செய் கம்பனி, முந்திய ஆண்டிலேயே தன் முழுப் பாதையையும் 1372 மில்லிமீற்றரிலிருந்து 1435 ஆக மாற்றிக்கொண்டது. அந்த 1372 என்ற விசித்திர அளவு குதிரை இழுத்த ட்ராம் வண்டிக் காலத்து எச்சம். கெயோ பாதை இன்றும் அதே அளவில்தான் ஓடுகிறது, அதனோடு இணைந்த நிலக்கீழ்ப் பாதையும் அதற்கேற்ப அமைக்கப்பட்டது. எல்லையிலுள்ள நிலையத்தில் சாரதி மட்டும் மாறுவார், பயணி இருக்கையைவிட்டு எழ வேண்டியதில்லை.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது 2013 மார்ச் 15 இரவு நடந்த வேலை. ஷிபுயாவில் நிலத்துக்கு மேலே ஓடிய தோயோக்கோ பாதையை நிலத்துக்குக் கீழே இறக்கி மெட்ரோவின் ஃபுகுதோஷின் பாதையோடு இணைப்பதற்கு, கடைசி வண்டி சென்றதற்கும் மறுநாள் முதல் வண்டி வந்ததற்கும் இடைப்பட்ட சில மணித்தியாலங்களில், ஏறத்தாழ 1,200 தொழிலாளர்கள் தண்டவாளத்தை மாற்றி முடித்தார்கள். அன்று முதல், யோக்கஹாமா துறைமுகப் பகுதியில் ஏறியவர் நான்கு கம்பனிகளின் பாதைகள் வழியாகச் சென்று சைத்தாமாவில் இறங்கலாம்.

கேள்வி: இரவு முழுவதும் ஓடுமா? (சீனக்குடா வாசகர்)

பதில்: ஓடாது. நள்ளிரவு தாண்டிச் சற்று நேரத்தில் கடைசி வண்டி போய்விடும். அதிகாலை நான்கரை மணியளவில் மீண்டும் தொடங்கும். இடையில் பராமரிப்பு வேலை நடைபெறும். அதற்குக் கூடுதல் நேரம் தேவையென்று 2021 மார்ச்சில் ஜே.ஆர். கிழக்கு பல பாதைகளில் கடைசி வண்டியை அரை மணி நேரம் வரை முன்னுக்குக் கொண்டுவந்தது.

கேள்வி: எங்கள் மகன் வேலைக்காகச் சைத்தாமா செல்கிறான். ஜப்பானிய எழுத்துத் தெரியாது. புகையிரதத்தில் தடுமாறாமலிருக்க என்ன சொல்லி அனுப்பலாம்? (மூதூர்ப் பெற்றோர்)

பதில்: எழுத்துத் தெரியாமலே பயணம் செய்யலாம். ஒவ்வொரு பாதைக்கும் ஒரு நிறமும், ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் இலக்கமும் உண்டு. யமனோத்தே இளம்பச்சை, அதில் ஷின்ஜுகு 17 ஆவது. சுய்கா என்ற தட்டும் அட்டையை 500 யென் வைப்புப் பணத்துடன் எடுத்துக்கொண்டால் எல்லாக் கம்பனிகளின் வாயிலிலும் செல்லும். ஆயினும் டோக்கியோ வட்டாரத்தில் தட்டி உள்ளே சென்று, தூரத்திலுள்ள வேறொரு வட்டாரத்தில் வெளியேறப் பொதுவாக முடியாது. நெடும்பயணத்துக்குச் சீட்டு வாங்க வேண்டும். வேலைக்குச் செல்லும் பருவச்சீட்டின் செலவைப் பெரும்பாலான வேலைகொடுப்போர் ஏற்றுக்கொள்வதால், ஒப்பந்தத்தில் அது எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரே தடத்தில் எல்லா நிலையத்திலும் நிற்கும் வண்டியும் பலவற்றைத் தாண்டிச் செல்லும் விரைவு வண்டியும் மாறி மாறி வரும். ஏறுமுன் பலகையைப் பார்க்காவிட்டால், தன் நிலையம் யன்னலுக்கு வெளியே கடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரிடும். வண்டி பிந்தினால் தாமதச் சான்றுச் சீட்டு கிடைக்கும். அதை வாங்கி வேலைத்தலத்தில் கொடுக்கலாம். ஷின்ஜுகுவில் யாரையேனும் சந்திப்பதாயிருந்தால் நிலையத்தின் பெயரை மட்டும் கேட்டுக்கொள்வது போதாது, அங்கே இருநூறுக்கும் மேற்பட்ட வாயில்கள் உள்ளன. எந்த வாயில் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.