9எம்எம்ல ரைஃபிள் ப்ரைமர் போட்டுட்டேன், சுடலாமா?

டெக்ஸாஸ்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. ஒரே ராத்திரில உக்காந்து 9எம்எம் பிஸ்டலுக்கு 200 ரவுண்டு, ஏஆர்-15 ரைஃபிளுக்கு .223ல 100 ரவுண்டு ரீலோட் பண்ணியிருக்காரு (சுட்டு முடிஞ்ச காலி உறைல, அதாவது கேஸ்ல, புது ப்ரைமர், பவுடர், புல்லட் போட்டு திரும்பத் தோட்டா ஆக்கறது), மறுநாள் மேசைய ஒதுக்கும்போது பாத்தா 9எம்எம்க்கு போட்டது சிசிஐ கம்பெனியோட 500 இல்ல, 400, அதாவது பிஸ்டல் ப்ரைமருக்கு பதிலா ஸ்மால் ரைஃபிள் ப்ரைமர் (ப்ரைமர்னா தோட்டா அடில உக்காந்து, தட்டினா தீப்பொறி விட்டு பவுடர பத்த வைக்கற சின்ன மூடி). "அளவு ஒண்ணுதானே அண்ணே, அப்படியே சுட்டுடலாமா, இல்ல அத்தனையும் பிரிக்கணுமா?"ங்கறாரு. பவுடரும் ரீலோடிங் மேனுவல்ல சொன்ன மேக்ஸிமத்த ஒட்டிப் போட்டிருக்காராம்.

தம்பி, அந்த 9எம்எம்ம கொஞ்ச நேரம் ஓரமா வைங்க. எனக்கு பயமே உங்க .223 மேலதான். ரைஃபிள் ப்ரைமர் பிஸ்டல் கேஸுக்குள்ள போயிருக்குன்னா, பிஸ்டல் ப்ரைமர் எங்க போச்சு? ரெண்டு டப்பாவும் ஒரே மேசைல இருந்திருக்கு, இடம் மாறியிருந்தா அது .223 கேஸுக்குள்ளதான் உக்காந்திருக்கும், ஆபத்தே அங்கதான்.

ஸ்மால் பிஸ்டல், ஸ்மால் ரைஃபிள் ரெண்டுமே 0.175 இஞ்ச் விட்டம், உயரமும் கிட்டத்தட்ட ஒண்ணு, அதனால எது வேணா எதுலயும் சிக்கலில்லாம இறங்கிடும், கைக்கு ஒண்ணுமே தெரியாது. வித்தியாசம் கப்போட, அதாவது ப்ரைமரோட உலோக ஓட்டோட தடிமன்ல. பிஸ்டல் ப்ரைமர் கப் சுமார் 0.017 இஞ்ச், ரைஃபிளோடது 0.020 தொடங்கி சிலதுல 0.025 வரைக்கும் போகும். 9எம்எம்க்கு அமெரிக்க தரத்துல அழுத்தம் அதிகபட்சம் 35,000 பிஎஸ்ஐ (சதுர இஞ்ச்சுக்கு இத்தனை பவுண்டுங்கற கணக்கு), .223க்கு 55,000. அந்த அழுத்தத்துல மெல்லிசான பிஸ்டல் கப் ஓட்டை விழுந்துடும், சூடான வாயு ஃபயரிங் பின் (ப்ரைமர தட்டற ஊசி) ஓட்டை வழியா பின்னாடி, உங்க முகம் இருக்கற பக்கமா வரும், குழல பின்னாடி மூடற போல்ட்டோட முகத்தையும் அரிச்சிடும். இன்னொண்ணு, ஏஆர்-15ல ஃபயரிங் பின்ன பிடிச்சு வைக்க ஸ்ப்ரிங் கிடையாது, போல்ட் மூடும்போதே பின் முன்னாடி போய் ப்ரைமர லேசா தட்டும், சுடாம வெளிய எடுத்த ரவுண்ட பாத்தீங்கன்னா ஒரு சின்னப் புள்ளி இருக்கும். மெல்லிசு கப்புன்னா ட்ரிக்கர தொடாமலே வெடிக்க வாய்ப்பு இருக்கு.

உக்காந்த ப்ரைமர வெளிய இருந்து பாத்து இது அதுன்னு சொல்ல முடியாது. அதனால எண்ணுங்க. ப்ரைமர் நூறு நூறாத்தான் ட்ரேல வருது, பிஸ்டல் டப்பாவுல எத்தனை குறையுது, ரைஃபிள் டப்பாவுல எத்தனை குறையுதுன்னு பாருங்க. பிஸ்டல் டப்பாவுல ஒண்ணே ஒண்ணு கணக்குல இடிச்சாலும் அந்த 100 .223 ரவுண்டும் துப்பாக்கி பக்கமே போகக் கூடாது, எல்லாத்தையும் பிரிக்கணும்.

இப்ப 9எம்எம்க்கு வர்றேன். 2020ல அமெரிக்காவுல ப்ரைமர் கிடைக்காம போனப்ப நிறைய பேரு வேணும்னே ஸ்மால் ரைஃபிள் ப்ரைமர் போட்டு 9எம்எம் சுட்டாங்க, அது உண்மைதான். ஆனா அவங்க மேனுவல்ல இருக்கற ஆரம்ப அளவு பவுடர்ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, க்ரோனோகிராஃப் வச்சு வேகம் பாத்து பண்ணாங்க. ரைஃபிள் ப்ரைமரோட தீ பொதுவா கொஞ்சம் பலம், 9எம்எம் கேஸோ ரொம்ப சின்னது, சின்ன மாத்தத்துக்கே அழுத்தம் சட்டுனு ஏறும். நீங்க மேக்ஸிமத்த ஒட்டிப் போட்டிருக்கறதால என் பதில் பிரிச்சிடுங்க. ஆரம்ப அளவுல போட்டிருந்தா பத்து ரவுண்டு ஒவ்வொண்ணா சுட்டுப் பாக்கச் சொல்லியிருப்பேன், அதுவும் ஒரிஜினல் ஸ்ப்ரிங் இருக்கற துப்பாக்கில மட்டும். ட்ரிக்கர் இழுக்க லேசா இருக்கட்டும்னு ஸ்ப்ரிங் மாத்தினதுல தடிச்ச கப் பல நேரம் வெடிக்காது, அப்படி வெடிக்கலன்னா உடனே திறந்துடாதீங்க, குழல டார்கெட் பக்கமே வச்சு முப்பது செகண்டு காத்திருங்க.

பிரிக்கறதுக்கு சுத்தியல் மாதிரி இருக்கற புல்லட் புல்லர் போதும், 200ன்னா கை வலிக்கும், ரெண்டு சாயங்காலமா பிரிச்சுப் பண்ணுங்க, சேஃப்டி கிளாஸ் கட்டாயம். கொட்டற பவுடர திரும்ப டப்பாவுல ஊத்தாதீங்க. ப்ரைமரோட நிக்கற 9எம்எம் கேஸ தூக்கிப் போட வேணாம், மேல சீட்டு ஒட்டி வச்சு, ஆரம்ப அளவு பவுடர்ல புதுசா லோட் பண்ணி அதே மாதிரி சோதிச்சுக்கலாம். .223ல தப்பு ப்ரைமர் இருந்தா, புல்லட்டும் பவுடரும் எடுத்த பிறகு, காலி கேஸ்ல மட்டும், ரீலோடிங் பிரஸ்ஸ மெதுவா அழுத்தி வெளிய தள்ளுங்க. லோட் பண்ணி முடிச்ச ரவுண்டுல ப்ரைமர தள்ளவோ இன்னும் உள்ள அழுத்தவோ எந்தக் காரணத்துக்கும் முயற்சி பண்ணாதீங்க, கைய இழக்கற வேலை அது. எடுத்த ப்ரைமர பாட்டில்ல கொட்டியும் வைக்காதீங்க, ஒண்ணு வெடிச்சா மொத்தமும் சேர்ந்து வெடிக்கும்.

நாளைக்கு .44 மேக்னம் மாதிரி லார்ஜ் ப்ரைமர் கேஸுக்கு போனீங்கன்னா கதை வேற, லார்ஜ் ரைஃபிள் ப்ரைமர் பிஸ்டலோடத விட உயரம், கேஸுக்கு வெளிய துருத்திட்டு நிக்கும், ரிவால்வர் சிலிண்டர் சுத்தாம சிக்கிக்கும்.

மேசைல ஒரு நேரத்துல ஒரே வகை ப்ரைமர்தான் இருக்கணும், மத்ததெல்லாம் அதோட ஒரிஜினல் டப்பாவுல அடுத்த ரூம்ல. இன்னைக்கு ராத்திரி அந்த ரெண்டு டப்பாவையும் எண்ணிட்டு .223 கணக்கு சரியா வந்துச்சான்னு எழுதுங்க தம்பி, அது தெரியற வரைக்கும் ரேஞ்சுக்கு போகாதீங்க.