கேக் படிப்பு: ஃபீஸ் கட்டும் முன் மூன்று அடுக்கு சுட்டுப் பாருங்கள்

பிளஸ் டூ முடித்த மகள் பேக்கரி படிக்கப் போகிறேன் என்கிறாள், கேக் அலங்காரமெல்லாம் ஒரு வேலையாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா. ஆகும். ஆனால் அவள் வரைந்து காட்டும் டிசைனை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஸ்டார் ஹோட்டலோ தெருமுனை பேக்கரியோ, ஒரே கேக்கை ஒரே உயரத்தில், ஒரே பதத்தில் தினமும் எடுக்கத் தெரிந்தவருக்குத்தான் அங்கே மதிப்பு. அந்தப் பொறுமை இருக்கிறதா என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

6 அங்குல டின் மூன்று, ஒரு டிஜிட்டல் தராசு போதும். ஓடு நீக்கி 200 கிராம் வரும் 4 முட்டை. வெண்ணெய், பொடித்த சர்க்கரை, மைதா தலா 200 கிராம். பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், பால் 2 டேபிள்ஸ்பூன். வெண்ணெயும் சர்க்கரையும் வெளுக்கும்வரை அடித்து முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்க்கட்டும். ஃப்ரிட்ஜ் குளிர்ச்சியோடு முட்டை போனால் கலவை திரிந்துவிடும். மைதா போட்ட பிறகு அடித்துக்கொண்டே இருந்தால் ஸ்பாஞ்ச் இறுகிப்போகும். டின்னுக்குச் சுமார் 270 கிராம் கலவை, நிறுத்துத்தான் ஊற்ற வேண்டும், கண்ணளவு கூடாது. 170 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம். நடுவில் மேடாக எழும்பி வெடித்தால் சூடு அதிகம். குழிந்தால் வேகவில்லை, அல்லது பாதியில் கதவைத் திறந்திருக்கிறாள்.

வெட்டும்போது அடுக்கடுக்காக நிறம் தெரிய வேண்டுமென்றால் ஒரே நிறத்தின் மூன்று சாயல்களை ஜெல் கலரில் எடுக்கலாம். நீலம் வேண்டாம். வெண்ணெய், மஞ்சள் கருவின் மஞ்சளோடு சேர்ந்து அது பச்சையாகிவிடும். சிவப்பு, ஆரஞ்சு சாயல்கள் நன்றாக வரும்.

அடுக்குவதில்தான் ஆளின் தரம் தெரியும். நம் ஊர் வெயிலில் பட்டர் கிரீம் தளர்ந்து வழியும். கற்றுக்கொள்ளும் கைக்கு, சாக்லேட்டையும் கிரீமையும் உருக்கிக் கலக்கும் கனாஷ்தான் நல்லது. 600 கிராம் டார்க் சாக்லேட்டுக்கு 300 கிராம் கிரீம். ஸ்பாஞ்ச் முழுக்க ஆறியதும் மேட்டைச் சீவி, ஒவ்வோர் அடுக்கின் விளிம்பிலும் கெட்டியான கனாஷைக் கூம்புப் பையிலிருந்து வரம்பாகப் பிழிந்து, உள்ளே நிரப்ப வேண்டும். வரம்பு இல்லாவிட்டால் மேல் அடுக்கின் பாரத்தில் நடுக்கிரீம் பிதுங்கி, மறுநாள் பக்கவாட்டில் வளையம் வளையமாகப் புடைத்து நிற்கும். மேலே எத்தனை பூ வைத்தாலும் அதை மறைக்க முடியாது. உதிரும் தூளைப் பிடித்துக்கொள்ள முதலில் மெல்லிய பூச்சு, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ், பிறகு கடைசிப் பூச்சு. பூச்சை வழிக்கும் தகடான ஸ்கிரேப்பரை அசைக்காமல் செங்குத்தாகப் பிடித்து, கேக் நிற்கும் சுழல்தட்டைத்தான் சுற்ற வேண்டும்.

இதையே மூன்று முறை செய்யச் சொல்லுங்கள். முதல் கேக் கோணலாக வருவதில் ஒன்றுமில்லை. எதனால் கோணியது என்று அவளே கண்டுபிடித்து மூன்றாவதில் திருத்தினால் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். நிறுக்கவும் பாத்திரம் கழுவவும் சலித்துக்கொண்டு அலங்காரத்துக்கு மட்டும் ஓடினால், இதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொண்டு வேறு படிப்பு பார்ப்பது நல்லது.

பத்தாம் வகுப்புத் தகுதியில் ஐ.டி.ஐ.யில் 'பேக்கர் அண்ட் கன்ஃபெக்‌ஷனர்' ஓராண்டுப் பிரிவு உண்டு, அருகிலுள்ள ஐ.டி.ஐ.யில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். பட்டம் வேண்டுமென்றால் சென்னை தரமணி ஹோட்டல் மேனேஜ்மென்ட் நிறுவனத்தில் பி.எஸ்சி. இருக்கிறது; என்.சி.எச்.எம். ஜே.இ.இ. என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தனியார் அகாடமி என்றால் மூன்றே கேள்வி: ஓர் ஓவனுக்கு எத்தனை மாணவர்? கேக்கை அவளே சுடுவாளா, பார்த்துக்கொண்டு நிற்பாளா? பேக்கரியிலோ ஹோட்டலிலோ நேரடிப் பயிற்சி உண்டா? நாலைந்து நாள் வகுப்புச் சான்றிதழை நம்பி யாரும் வேலை தருவதில்லை.

விடியற்காலை ஷிப்ட், நாள் முழுக்க நின்றபடி வேலை, கிறிஸ்துமஸ் புத்தாண்டுக்கு லீவு கிடையாது என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள். பிற்பாடு வீட்டிலிருந்து விற்பதானாலும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) பதிவு கட்டாயம். விலை போடும்போது மைதா, சாக்லேட், மின்சாரம், டப்பாவோடு அவளுடைய மணிக்கூலியையும் எழுதச் சொல்லுங்கள். அதைக் கணக்கில் சேர்க்காமல்தான் பலர் ஆர்டர் நிறைய வந்தும் கையில் காசில்லாமல் நிற்கிறார்கள்.