மார்க் போடாத ஸ்லிப் டெஸ்ட்: ஆசிரியர், பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்

அறிவியல் ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்: பத்தாம் வகுப்புக்கு வாரம் மூன்று டெஸ்ட் வைக்கிறோம். டெஸ்ட் நாளில் ஏழெட்டுப் பேர் லீவு. டெஸ்ட்டைக் குறைத்துவிடலாமா?

டெஸ்ட் இருக்கட்டும் டீச்சர், மார்க்கை எடுத்துவிடுங்கள். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனை இது. கல்லூரி மாணவர்களில் ஒரு குழு ஒரு பாடப்பகுதியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரே முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு முறை படித்தவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. படித்ததை மனதிலிருந்து வெளியே எடுப்பதுதான் அதைப் பதிய வைக்கிறது. அதற்கு மார்க் தேவையில்லை.

இப்படிச் செய்யுங்கள். ஐந்து கேள்வி, எட்டு நிமிடம், நோட்டு மூடியிருக்கட்டும். இரண்டு கேள்வி நேற்றைய பாடத்திலிருந்து, இரண்டு போன வாரத்திலிருந்து, ஒன்று போன மாதத்திலிருந்து. எழுதி முடித்ததும் விடையைக் கரும்பலகையில் போடுங்கள். பிள்ளைகளே வேறு நிறப் பேனாவில் திருத்திக்கொள்ளட்டும். இந்த விடை காட்டும் வேலையை விட்டுவிட்டால் தவறான விடையே மனதில் தங்கிவிடும். பிறகு பெயர் எழுதாத துண்டுச்சீட்டில், தவறிய கேள்வியின் எண்ணை மட்டும் எழுதி வாங்குங்கள். வகுப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே கேள்வியில் தவறியிருந்தால் அந்தப் பகுதியை மறுபடி நடத்துங்கள். அவ்வளவுதான், பதிவேட்டில் ஏற்ற ஒன்றுமில்லை.

எங்கே கெடும் என்றால், முதல் வாரமே கடினமான கேள்வி வைப்பதில். ஐந்தில் மூன்றோ நான்கோ பெரும்பாலானோருக்கு வர வேண்டும். இரண்டாவது, தலைமையாசிரியர் “மார்க் எங்கே?” என்று கேட்டதும் எழுதி வைக்கத் தொடங்குவது. அன்றைக்கே பிள்ளைகள் பக்கத்து நோட்டை எட்டிப்பார்க்க ஆரம்பிப்பார்கள். துண்டுச்சீட்டும் பொய் சொல்லும்.

பிளஸ் 2 மாணவனின் அம்மா, மதுரை: இரவு 1 மணி வரை படிக்கிறான். காலை 5 மணிக்கு எழுப்பிவிடுகிறேன். போதுமா?

நான்கு மணி நேரத் தூக்கம் போதாதும்மா. 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. அன்று படித்தது நினைவில் உறைவதே தூக்கத்தில்தான். வாரத்துக்கு அரை மணி நேரமாகப் படுக்கும் நேரத்தை முன்னால் நகர்த்துங்கள், 10 மணிக்கு வரும்வரை. எழுப்புவதையும் 6 மணிக்குத் தள்ளுங்கள். போன் வேறு அறையில் சார்ஜ் ஆகட்டும். கடைசி இருபது நிமிடம் புதிதாக எதையும் படிக்காமல், அன்று படித்ததைப் புத்தகத்தை மூடிவைத்து ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும்.

தனியார் பள்ளி நிர்வாகி, கோவை: மாணவர் மனநலனுக்காகத் தினமும் பத்து நிமிடம் தியானம் தொடங்கப்போகிறோம். ஆய்வு ஆதாரம் உண்டா?

பெரிய அளவில் சோதித்திருக்கிறார்கள். பிரிட்டனில் எண்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகள், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். முடிவு 2022இல் வந்தது. மனவிழிப்புப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னெஸ் என்ற தியான முறை) வகுப்புகள் பெற்ற பிள்ளைகளின் மனநலம், வழக்கமான வகுப்புகளில் இருந்தவர்களைவிட மேம்படவில்லை. மாறாக, பிள்ளைகளுக்கு உணர்வைக் கையாளவும் பிறரோடு பழகவும் படிப்படியாகக் கற்றுத்தரும் திட்டங்களில் பலன் தெரிந்திருக்கிறது. அப்படிப்பட்ட 213 திட்டங்களைச் சேர்த்துப் பார்த்த 2011ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில் நடத்தை, படிப்பு இரண்டும் முன்னேறியிருந்தன. வரிசையான பாடம், செய்து பார்க்கும் பயிற்சி, அதற்கென ஒதுக்கிய நேரம், எதைக் கற்கிறோம் என்ற தெளிவு, இந்த நான்கும் இருந்தவைதான் நன்றாக வேலை செய்தன.

அந்தப் பத்து நிமிடத்தை எந்தப் பாடவேளையிலிருந்து எடுக்கிறீர்கள்? உணவு இடைவேளையிலிருந்து என்றால் வேண்டாம். ஒன்றைச் சேர்க்கும்முன் ஒன்றை எடுங்கள்.

கணக்கு ஆசிரியர், 22 ஆண்டு அனுபவம்: மார்க்கே வேண்டாம் என்பதை ஏற்க முடியவில்லை. வகுப்பில் எழுப்பி நிறுத்தி மார்க் வாசித்தால்தான் ரோஷம் வரும், படிப்பார்கள்.

சார், ரோஷம் யாருக்கு வருகிறது என்று பாருங்கள். முதல் ஐந்து இடத்துக்குள் இருப்பவர்களுக்கு வரும். அதை நான் மறுக்கவில்லை. 38ஆம் இடத்தில் இருப்பவன் அடுத்த முறை 31க்கு வந்தாலும் வாசிப்பில் அது கேட்காது. அவன் எடுக்கக்கூடிய ஒரே தற்காப்பு, “நான் படிக்கவே இல்லை” என்று காட்டிக்கொள்வது. முயன்று தோற்பதைவிட முயலாமல் தோற்பது மானத்துக்குப் பழுதில்லை என்று பதினைந்து வயதில் தோன்றும்.

ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988இல் இஸ்ரேலில் 5, 6ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் சோதித்தார். ஒரு குழுவுக்கு மார்க் மட்டும், ஒன்றுக்குக் குறிப்பு மட்டும், ஒன்றுக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்களிடம்தான் ஆர்வமும் செயல்திறனும் நிலைத்தன. குறிப்போடு மார்க்கும் சேர்ந்தபோது ஆர்வம் மார்க் மட்டும் பெற்றவர்களைப் போலவே சரிந்தது. மார்க்கைப் பார்த்த கண் குறிப்புக்குப் போவதில்லை.

அதே கணக்கு ஆசிரியர்: பொதுத்தேர்வில் மார்க் இல்லாமலா வருகிறது?

மார்க்கோடுதான் வருகிறது சார். காலாண்டு, அரையாண்டு, ரிவிஷன் டெஸ்ட் எல்லாவற்றுக்கும் மார்க் போடுங்கள், குறிப்பு எழுதுங்கள், அந்தந்தப் பிள்ளையிடம் கொடுங்கள். நான் கேட்பது ஊரறிய வாசிக்காதீர்கள் என்பதை மட்டும். பொதுத்தேர்விலேயே மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதைத் தமிழக அரசு 2017இல் நிறுத்திவிட்டது. மாநிலத்துக்கே வேண்டாம் என்றானது 45 பேர் உள்ள வகுப்பறைக்கு எதற்கு?

வகுப்பாசிரியை, திருச்சி: நாங்கள் வாசிப்பதில்லை, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பட்டியலாகப் போட்டுவிடுவோம்.

அது வாசிப்பதைவிடக் கொடுமை. வாசித்தால் 45 பேர் கேட்பார்கள், அதோடு போயிற்று. குழுவில் போட்ட பட்டியல் பக்கத்து வீட்டுக்கும் சித்தப்பாவுக்கும் போகும். அன்று இரவே ஒரு வீட்டில் அடி விழும். இன்றே நிறுத்துங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் கையகலச் சீட்டு போதும்: போன முறை இவ்வளவு, இந்த முறை இவ்வளவு, அடுத்து சரிசெய்ய வேண்டிய ஒன்று. “ஒளிவிலகல் படத்தில் அம்புக்குறி விடுபடுகிறது” என்கிற அளவுக்குக் குறிப்பாக எழுதுங்கள். “நன்றாகப் படி” என்பது குறிப்பாகாது.

தமிழாசிரியர், அரசு மேல்நிலைப்பள்ளி: ஐந்து பிரிவு, ஒவ்வொன்றிலும் 45 பேர். கட்டுரை நோட்டு திருத்தியே தேய்கிறேன். எங்கள் நலனைப் பற்றி ஆய்வு ஏதாவது சொல்கிறதா?

சொல்கிறது ஐயா. பணிச்சோர்வு என்பது உடல்மனக் களைப்பு, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது, “என்னால் என்ன பயன்” என்ற எண்ணம் மூன்றும் சேர்ந்தது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை நோயாக அல்லாமல், பணியிடத்தில் சரியாகக் கையாளப்படாத நெடுநாள் அழுத்தத்தின் விளைவாக வகைப்படுத்தியது. ஆகவே மருந்தும் பணியிடத்தில்தான்.

உங்கள் கணக்கையே போடுவோம். ஒரு நோட்டுக்கு மூன்று நிமிடம் என்றால் ஒரு பிரிவுக்கு 135 நிமிடம், ஐந்து பிரிவுக்குப் பதினொரு மணி நேரத்துக்கு மேல். இதற்குப் பதில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நோட்டுக்கு அரை நிமிடம் வாசியுங்கள்: ஒரு பிரிவு 23 நிமிடத்தில் முடியும். பக்கத்தில் ஒரு தாள், அதில் நான்கு கட்டம்: பலர் செய்த பிழை, அடிக்கடி வந்த சந்திப்பிழைகள், வாசித்துக் காட்டத் தகுந்த பத்தி, தனியாகப் பேச வேண்டியவர்கள். மறுநாள் முதல் பத்து நிமிடம் அந்தத் தாளிலிருந்து பேசுங்கள். அடுத்த பத்து நிமிடம் அவரவர் நோட்டில் அவரவரே திருத்தட்டும். இந்த இரண்டாவது பத்து நிமிடத்தை விட்டால் எல்லாம் வீண். நோட்டில் சிவப்பு மை இல்லை என்று ஆய்வுக்கு வருபவர் கேட்பார். அதற்குத்தான் அந்தத் தாளைத் தேதியிட்டுக் கோப்பில் வைக்கச் சொல்கிறேன்.

எழுத்து வேலைகளையும் ஒரு வாரம் பட்டியலிடுங்கள்: எது, எத்தனை நிமிடம், யார் பார்க்கிறார்கள். எமிஸில் (கல்வித்துறையின் இணையப் பதிவுத் தளம்) ஏற்றியதையே பதிவேட்டிலும் எழுதுகிறீர்கள் என்றால் அந்தப் பட்டியலோடு தலைமையாசிரியரிடம் போங்கள். தனியாக வேண்டாம், நான்கு பேராகப் போங்கள்.

உடற்கல்வி ஆசிரியர்: மனநலனுக்கு யோகா வகுப்பு…

தியானம் பற்றிய பதிலைப் பாருங்கள். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: பத்தாம் வகுப்பின் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கோ அறிவியலுக்கோ விட்டுக்கொடுக்காதீர்கள்.

பெற்றோர்: என் மகள் பார்த்துப் படிக்கும் ரகமா, கேட்டுப் படிக்கும் ரகமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்டுபிடிக்க வேண்டாம். ரகம் பிரித்துக் கற்பித்தால் கூடுதலாக வரும் என்பதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்று 2008லேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். பணம் கட்டிச் சோதிக்கவும் வேண்டாம்.

பயிற்சி ஆசிரியை: ஒரு மாணவி நோட்டின் கடைசிப் பக்கத்தில் “நான் இல்லாமல் போனால் நல்லது” என்று எழுதியிருக்கிறாள். கண்டுகொள்ளாததுபோல் இருக்கலாமா?

இருக்கக் கூடாதும்மா. இன்றே, தனியிடத்தில், அமைதியாகக் கேளுங்கள்: “உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?” நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது; கேட்டவுடன் பாரம் குறைவதுதான் வழக்கம். அறிவுரை சொல்லாதீர்கள், ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள். ஆமாம் என்றால் அவளைத் தனியாக விடாமல் தலைமையாசிரியரிடம் சொல்லி, அவள் நம்பும் பெரியவரை வரவழையுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416இல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். வீட்டில்தான் ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. அந்தப் பக்கத்தை மற்ற ஆசிரியர்களிடம் காட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

இன்னொரு பெற்றோர்: மார்க் பட்டியலைக் குழுவில் போடாவிட்டால் எங்கள் பிள்ளை எந்த இடம் என்று எப்படித் தெரியும்?

மேலே சொன்ன சீட்டைக் கேட்டு வாங்குங்கள். இடம் தெரிந்து செய்ய ஒன்றுமில்லை. எந்தப் பாடத்தில் எது வரவில்லை என்று தெரிந்தால் செய்ய உண்டு.

அதே கணக்கு ஆசிரியர்: சரி, கணக்குக்கு ஐந்து கேள்வி எட்டு நிமிடத்தில் முடியாதே?

முழுக் கணக்கு வேண்டாம் சார். மூன்று கேள்வி போதும். ஒன்றில் சூத்திரம் மட்டும், ஒன்றில் முதல் படி மட்டும், ஒன்றில் நீங்களே பிழையோடு போட்ட கணக்கைக் கொடுத்து எந்த வரியில் தவறு என்று கேளுங்கள். இருபடிச் சமன்பாட்டில் மைனஸ் குறி மாறும் இடத்திலிருந்து தொடங்குங்கள்.