தாடையில் கட்டி: ஸ்கேன் ஒன்று சொல்கிறது, பயாப்ஸி வேறு சொல்கிறது

கேள்வி: அப்பாவுக்கு வயது 58. சர்க்கரை உண்டு, வெற்றிலையோடு புகையிலையும் போடுவார். கடைவாய்ப் பல் பிடுங்கிய சில மாதங்களில் தாடையோரம் கெட்டியாக ஒரு கட்டி வந்தது. ஸ்கேனில் 'புற்றுநோயாக இருக்கலாம்' என்றார்கள். பயாப்ஸியில் 'ஆக்டினோமைகோசிஸ், புற்றுநோய் இல்லை' என்று வந்திருக்கிறது. எதை நம்புவது? குழந்தைகளுக்கு ஒட்டுமா?

பதில்: ஒட்டாது. ஆக்டினோமைகோசிஸ் ஒரு பாக்டீரியாவால் வருவதுதான், ஆனால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவாது. அப்பாவுக்குத் தட்டு, டம்ளர் தனியாக வைத்திருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள்.

இரண்டில், கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிக்குத்தான் மதிப்பு அதிகம். கட்டி எவ்வளவு பெரிது, எதுவரை போயிருக்கிறது என்பதை ஸ்கேன் காட்டும். உள்ளே இருப்பது என்ன என்று உறுதியாகச் சொல்லாது. புற்றுநோயைத் தேட எடுக்கும் பெட் ஸ்கேனிலும் கிருமித்தொற்று புற்றுநோய் போலவே பளிச்சென்றுதான் தெரியும்.

இந்த பாக்டீரியா நம் வாயில் சும்மா குடியிருப்பதுதான். பல் பிடுங்கிய காயம், சொத்தைப் பல் என்று வழி கிடைத்தால் உள்ளே இறங்கிவிடும். சர்க்கரை இருந்தால் இன்னும் வசதி. சாதாரணச் சீழ்க்கட்டி நாலு நாளில் வீங்கி, வலித்து, தானே காட்டிக்கொடுத்துவிடும். இது வாரக்கணக்கில், பெரிய வலியோ காய்ச்சலோ இல்லாமல், தசை எலும்பு என்று பார்க்காமல் ஊடுருவி இறுகும். டாக்டர்களே புற்றுநோய் என்று சந்தேகப்படுவது அதனால்தான். தோலில் துளை விழுந்து சீழ் வடிந்தால், துடைத்த துணியைக் கவனியுங்கள். ரவை போல மஞ்சள் மணிகள் ஒட்டியிருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், ஒன்றும் வளரவில்லை என்று வந்தால் குழம்ப வேண்டாம். முன்பே ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் அப்படி ஆவது சகஜம்.

சிகிச்சை பெனிசிலின்தான். வழக்கமாக 2 முதல் 6 வாரம் ஊசி, பிறகு 6 முதல் 12 மாதம் மாத்திரை. அலர்ஜி இருந்தால் டாக்ஸிசைக்ளின் போன்ற மாற்று உண்டு. கட்டி கரைந்துவிட்டதே என்று நடுவில் நிறுத்தினால் திரும்ப வரும்.

எனக்கு உறுத்துவது புகையிலைதான். புற்றுப் புண்ணின் மேலும் இதே கிருமி குடியேறும்; மேலாகக் கிள்ளி எடுத்த சதையில் கிருமி மட்டும் தெரிந்து, அடியில் இருப்பது தப்பிவிடலாம். ஆழத்திலிருந்து எடுத்தார்களா என்று கேளுங்கள். மருந்து தொடங்கி நாலு முதல் ஆறு வாரத்துக்குள் கட்டி இளகிச் சுருங்கத் தொடங்காவிட்டால், மறுபடி பயாப்ஸி எடுக்கச் சொல்லுங்கள், தயங்காதீர்கள்.