எலும்பு வரை இறங்கிய படுக்கைப் புண்: மருத்துவர் பதில்கள்

கேள்வி: பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்த என் தந்தைக்கு, மருத்துவமனையில் இருக்கும்போதே வால் எலும்புக்கு மேலே படுக்கைப் புண் வந்து, எலும்பு தெரியும் அளவுக்கு ஆழமாகிவிட்டது. புண்ணைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுத்து, கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் மூன்று வகைக் கிருமிகள் இருப்பதாக அறிக்கை வந்திருக்கிறது. அவற்றுக்கான ஆன்டிபயாடிக்கைக் கொடுக்காமல், எலும்பிலிருந்து ஒரு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். நொந்துபோன உடம்பில் இன்னொரு காயம் தேவைதானா?

பதில்: தேவை என்றே சொல்வேன். திறந்து கிடக்கும் எந்தப் புண்ணின் மேற்பரப்பிலும் கிருமிகள் குடியிருக்கும். அதிலும் மலவாய்க்கு அருகில் உள்ள புண்ணில் குடல் கிருமிகள் இல்லாமல் இருந்தால்தான் வியப்பு. ஆகவே அந்த அறிக்கை புண்ணின் மேலே யார் இருக்கிறார்கள் என்று சொல்கிறதே தவிர, எலும்புக்குள் யாராவது நுழைந்திருக்கிறார்களா என்று சொல்லவில்லை. எலும்பு கண்ணுக்குத் தெரிவதும்கூட அதில் தொற்று இருப்பதற்குச் சான்றாகாது. எக்ஸ்-ரேயில் மாற்றம் தெரியவே இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அதைவிடக் கூர்மையானது என்றாலும், நெடுநாள் அழுத்தத்தால் மட்டுமே நீர்கோத்த எலும்பையும் அது தொற்றுள்ள எலும்பைப் போலக் காட்டிவிடுவதுண்டு.

எலும்புத் துண்டை எடுத்ததும் அதை இரண்டாகப் பிரித்து, ஒன்றைத் திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் இட்டுத் திசுப் பரிசோதனைக்கும், மற்றொன்றை ஃபார்மலின் படாத, கிருமி நீக்கிய டப்பாவில் இட்டுக் கல்ச்சருக்கும் அனுப்புவார்கள். ஃபார்மலினில் விழுந்த துண்டில் எந்தக் கிருமியும் வளராது என்பதால் இந்தப் பிரிவினை முக்கியம். நோயாளியின் நிலை இடம் கொடுத்தால், ஆன்டிபயாடிக்கைச் சில நாட்கள் நிறுத்திவைத்துவிட்டு எடுப்பது இன்னும் நல்லது. மருந்து உடலில் இருக்கும்போது எடுத்தால் கிருமி வளராமல் போகலாம். உங்கள் மருத்துவர்கள் மருந்தைத் தள்ளிப்போடுவதற்கு இதுவும் காரணமாக இருக்கக்கூடும்.

அறிக்கை எதுவானாலும், மருந்து மட்டுமே இந்தப் புண்ணை ஆற்றிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இறந்த திசுவையும் கெட்ட எலும்பையும் சுரண்டி அகற்றி, அருகிலுள்ள தசையையும் தோலையும் திருப்பிப் புண்ணை மூடும் ஃபிளாப் அறுவை சிகிச்சை செய்ய முடிகிறவர்களுக்கு, பெரும்பாலும் 6 வாரம் வரை ஆன்டிபயாடிக் தருவது வழக்கம். புண்ணை மூடும் திட்டமே இல்லாமல் மாதக்கணக்கில் மருந்து ஏற்றுவதால் பலன் உண்டு என்பதற்குத் தக்க சான்று கிடையாது. அதனால் வரக்கூடிய வயிற்றுப்போக்கு அதே புண்ணைத்தான் நனைக்கும் என்பதை உறவினர்கள் பெரும்பாலும் யோசிப்பதில்லை. எலும்பை அழுத்தும் பாரம் நீங்காமலும் போதிய புரதம் சேராமலும் எந்த மருந்தும் எடுபடாது. சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்களுக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதம் பரிந்துரைக்கப்படுகிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், புண்ணைச் சுற்றிப் பரவும் சிவப்பு, இரத்த அழுத்தம் சரிதல், திடீர்க் குழப்பம் ஆகியவை தோன்றினால் தொற்று இரத்தத்தில் கலந்திருக்கலாம். அந்நிலையில் எலும்புப் பரிசோதனைக்காகக் காத்திராமல் உடனே ஆன்டிபயாடிக் தொடங்கியாக வேண்டும்.

கேள்வி: இடுப்பு எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள், என் தாயின் குதிகாலில் கருநீல நிறத்தில் ஒரு திட்டு தெரிகிறது. தோல் கிழியவில்லை. செவிலியர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வது ஏன்?

பதில்: அவர் சரியாகவே செய்கிறார். எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே நசுங்கும்போது, தோலைவிட எலும்பை ஒட்டிய திசு முதலில் சேதமடைவதுண்டு. அந்தச் சேதம் வெளியே நிறமாகத் தெரிய இரண்டு மூன்று நாட்கள் ஆகும். ஆகவே நீங்கள் இன்று பார்ப்பது, அறுவை சிகிச்சை மேசையிலோ அதற்கு முன்பு அசையாமல் கிடந்தபோதோ ஏற்பட்ட காயமாக இருக்கலாம். தோல் கிழியாத புண்களையும் சேர்த்துச் சொல்வதற்காகவே, அமெரிக்காவின் தேசிய அழுத்தப் புண் ஆலோசனைக் குழு 2016இல், படுக்கைப் புண்ணுக்கு வழங்கிய ‘அழுத்தப் புண்’ என்ற பெயரை ‘அழுத்தக் காயம்’ என்று மாற்றியது. கருமையான தோலில் நிறமாற்றம் தெரியாமல் போகக்கூடும் என்பதால், தொட்டுப் பார்த்துச் சூடு, கடினத்தன்மை, வலி ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும்.

கெண்டைக்கால் முழுவதும் தாங்கும்படி தலையணையை நீளவாக்கில் வைத்து, முழங்கால் சற்றே மடங்கியிருக்க, குதிகால் எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்கச் செய்யுங்கள். குதிகாலுக்கு அடியிலேயே தலையணையை வைத்தால் பயனில்லை. பின்னர் அந்த இடம் காய்ந்த கரும்பொருக்காக மாறி, சுற்றிலும் சிவப்போ சீழோ இல்லாமல் இறுகி ஒட்டியிருந்தால், அதைப் பிய்க்கக் கூடாது. இரத்த ஓட்டம் குறைந்த காலாக இருந்தால், இதை இன்னும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

கேள்வி: வளைய வடிவக் காற்றுத் தலையணை வாங்கலாமா? சிவந்த இடத்தில் எண்ணெய் தேய்த்துவிடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். வளையத்தின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி, நடுவிலுள்ள தோலுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்துவிடும். தேய்ப்பதோ உள்ளே நொந்திருக்கும் திசுவை மேலும் நசுக்கும். நல்ல ஏர் பெட் இருந்தாலும் நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பதை நிறுத்தக் கூடாது. பக்கவாட்டில் 30 டிகிரி சாய்த்தால் போதும். முழுவதுமாக ஒருக்களித்தால் பாரம் தொடை எலும்பின் மேல்முனைக்கு இடம் மாறிவிடும்.