போரில் இறந்தவர்களுக்கு, உறவே இல்லாத நாம் காவிரிக்கரையில் வேண்டிக்கொள்ளலாமா?

தாராளமாக. ஆடி அமாவாசைக்குத் திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையில் கவனியுங்கள். தகப்பன், பாட்டன் பேரெல்லாம் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்ட பிறகு, கடைசியாக இன்னொரு கை தண்ணீர் உண்டு. அப்பா, உடன்பிறந்தான், பிள்ளை, கோத்திரக்காரர் என்று யாருமே இல்லாமல் போனவர்கள் இந்தத் தர்ப்பை நீரால் திருப்தி அடையட்டும் என்பது அந்த மந்திரத்தின் பொருள். எந்தப் பக்கம் நின்று செத்தார் என்ற கேள்வியே அதில் இல்லை. (பலர் அதற்குள் எழுந்து ஈர வேட்டியைப் பிழியப் போய்விடுவார்கள், அது வேறு.)

மந்திரம் ஒத்துவராதா? மே 18 அன்று முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுங்கள். அரிசி, தண்ணீர், உப்பு. 2009-ல் ஈழப் போரின் கடைசி நாட்களில் அங்கே சிக்கியவர்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். ருசிக்காக எதையும் சேர்க்காதீர்கள். தஞ்சாவூரை ஒட்டி விளாரில் அவர்களுக்கான நினைவு முற்றமும் இருக்கிறது.

உயிரோடு மிஞ்சியவர்களுக்கு வேண்டுதல் மட்டும் போதாது என்பது என் கட்சி. போர் இல்லைதான், ஆனால் இதே காவிரிப் படுகையில் உள்ள கீழ்வெண்மணியைப் பாருங்கள். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை நிலக்கிழார்களின் ஆட்கள் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். காந்தியத் தம்பதி கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் மிஞ்சிய மக்களோடு நின்றார்கள். 1981-ல் லாஃப்டி (LAFTI) என்ற, உழுபவருக்கு நிலம் கேட்கும் அமைப்பைத் தொடங்கி, நிலமில்லாத பெண்கள் பேரிலேயே நிலம் வாங்கிக் கொடுத்தார்கள்.