டர்போவைக் கழற்றும் முன் கிளாம்பைப் பாருங்கள்

வாகனம்: கேள்வி – பதில்

டீசல் கடிதங்கள் குவிந்துவிட்டன. பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் இந்த ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னுடையது 2012 மாடல் 2.5 லிட்டர் டர்போ டீசல் பிக்கப். துன் சார்டோன் சாலையில் பாலிக் புலாவ் பக்கம் ஏறும்போது மூன்றாவது கியரிலேயே திணறுகிறது. பின்னால் கறுப்புப் புகை. மிதித்தால் ‘உஸ்’ என்று ஒரு சத்தமும் வருகிறது. டர்போ போய்விட்டது, மாற்ற 3,800 ரிங்கிட் ஆகும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா?
– வாசகர், ரெலாவ்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கறுப்புப் புகை என்றால் உள்ளே போகும் டீசலுக்கு ஈடான காற்று இல்லை என்று அர்த்தம். எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் டர்போ அந்த வேலையைச் செய்யவே இல்லையா, அல்லது அமுக்கிய காற்று வழியில் எங்காவது ஓடிப்போகிறதா என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் சொல்லும் ‘உஸ்’ சத்தம் இரண்டாவதன் அடையாளம்.

டர்போவிலிருந்து, அமுக்கிய காற்றை ஆற்றும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் ரப்பர் குழாய்களைப் பாருங்கள். எஞ்சின் ஆறிய பிறகு ஒவ்வொரு குழாயையும் கையால் வளைத்து, அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வெடிப்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில், கிளாம்பு இறுக்கும் ஓரத்தில்தான் விழும். அந்த இடத்தில் மட்டும் எண்ணெய்ப் பசையோடு தூசு அப்பிக் கறுத்திருந்தால் கசிவு அங்கேதான். சும்மா நிறுத்தி வைத்து ஓட விட்டால் கசிவு தெரியாது. பாரம் ஏறும்போதுதான் குழாய் உப்பி வெடிப்பு வாய் திறக்கும். அதனால்தான் சமதரையில் நன்றாக ஓடும் வண்டி மேட்டில் திணறுகிறது.

குழாய் சரியாக இருந்தால் அடுத்தது காற்று வடிகட்டி. அதற்கடுத்து, டர்போவின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஆக்சுவேட்டருக்குப் போகும் மெல்லிய வெற்றிடக் குழாய். எஞ்சின் சூட்டில் வெந்து, தொட்டாலே உதிரும் நிலைக்கு வந்திருக்கும். சில ரிங்கிட் சாமான், வண்டியையே படுக்க வைத்துவிடும். கையால் இயக்கும் வெற்றிட பம்ப்பை ஆக்சுவேட்டரில் மாட்டி இழுத்தால் அதன் கம்பி தடங்கலின்றி நகர வேண்டும், நகர்ந்த இடத்தில் நிற்கவும் வேண்டும். நகரவே இல்லை என்றால் டர்போவுக்குள் இருக்கும் அசையும் இதழ்களில் கரி பிடித்திருக்கக்கூடும். கழற்றிச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் சரியாகும். மின்மோட்டார் வகை ஆக்சுவேட்டர் என்றால் ஸ்கேனரில்தான் சோதிக்க முடியும். எஞ்சின் கேட்கும் அழுத்தம் எவ்வளவு, கிடைப்பது எவ்வளவு என்று இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வண்டியை மேட்டில் ஓட்டியபடி பார்க்கச் சொல்லுங்கள். பி0299 என்ற குறியீடு வந்தால் அழுத்தம் குறைவு என்று பொருள். டர்போ கெட்டது என்று பொருளல்ல. புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டாலும் நல்ல காற்றின் இடத்தைப் புகை பிடித்துக்கொள்ளும், அறிகுறியும் இதேதான்.

டர்போவையும் நேரடியாகச் சோதித்துவிடலாம். காற்று நுழையும் குழாயைக் கழற்றி, சக்கரத்தின் நடு நட்டை இரு விரலால் பிடியுங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடினால் பயப்பட வேண்டாம், அந்தத் தண்டு எண்ணெய்ப் படலத்தில் மிதந்து சுற்றுவது. முன்னும் பின்னும் இழுத்தால் மட்டும் ஆட்டம் தெரியக் கூடாது. சக்கரத்தின் இதழ் சுவரில் உரசிய கோடு இருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. குழாய்க்குள் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பு, எண்ணெய் தேங்கி நிற்பது இயல்பல்ல.

மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் ஒரு நிபந்தனை: டர்போவுக்கு எண்ணெய் கொண்டுவரும் குழாயையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழைய டர்போவைக் கொன்றது அந்தக் குழாயில் அடைத்த கரியாக இருந்தால் புதியதையும் சில வாரத்தில் அதுவே கொல்லும். பொருத்தியதும் டர்போவுக்குள் எண்ணெய் ஊற்றி நிரப்பி, எஞ்சின் பற்றிக்கொள்ளாதபடி ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றி அழுத்தம் ஏற்றிய பிறகே ஓடவிட வேண்டும்.

கேள்வி: 2கேடி எஞ்சின், 2,40,000 கிலோமீட்டர். காலையில் ‘சக் சக்’ என்ற ஓசை. இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போலக் கறுப்பு. ரவுண்டபவுட்டில் திரும்பும்போது எண்ணெய் விளக்கு ஒரு நொடி மினுக்கி அணைகிறது. எண்ணெய் அளவு சரியாகத்தான் இருக்கிறது.
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: இந்த மாதக் கடிதங்களிலேயே அவசரமானது உங்களுடையது. வண்டியை ஓட்டாமல் டோ டிரக்கில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

டொயோட்டாவின் 2கேடி, 1கேடி எஞ்சின்களில் இது ஊரறிந்த நோய். சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் இன்ஜெக்டரின் அடியில் ஒரு சிறிய செம்பு வாஷர் இருக்கிறது. அது தேய்ந்து விட்டுக்கொடுத்தால் எரிந்த வாயு மேலே சீறி எஞ்சின் மூடிக்குள் புகுந்துவிடும். அந்தப் புகைக்கரி எண்ணெயோடு கலந்து குழம்பாகி, கடைசியில் அடிச்சட்டியில் உள்ள எண்ணெய் உறிஞ்சியின் சல்லடையில் படியும். சல்லடை அடைபட்டால் சட்டி நிறைய எண்ணெய் இருந்தும் பம்ப்புக்கு வராது. உங்கள் விளக்கு மினுக்குவது அதனால்தான். இப்போது டர்போ, பேரிங் எல்லாமே பட்டினி கிடக்கின்றன.

செய்ய வேண்டியதை வரிசை மாறாமல் செய்யுங்கள். முதலில் அடிச்சட்டியைக் கழற்றிச் சல்லடையைக் கண்ணால் பாருங்கள். வெறும் எண்ணெய் மாற்றம், ‘ஃபிளஷ்’ மருந்து இரண்டும் இங்கே ஆபத்து. மேலே ஒட்டியிருக்கும் கரியையும் பெயர்த்து அதே சல்லடைக்கு அனுப்பி வைக்கும். பிறகு நான்கு இன்ஜெக்டரையும் கழற்றி, அவை உட்காரும் இடத்தை அதற்கான கட்டரால் சுத்தம் செய்து, நான்கு வாஷரையும் புதிதாகப் போட வேண்டும். கசிந்த ஒன்றை மட்டும் மாற்றுவது வீண் சிக்கனம். பழைய வாஷரைத் திருப்பிப் போட்டு இறுக்கினால் ஒரு மாதம் கூடத் தாங்காது.

ஒவ்வொரு இன்ஜெக்டரும் தான் இருந்த சிலிண்டருக்கே திரும்ப வேண்டும். புதிதாகப் போட்டால் அதன் தலையில் அச்சிட்டிருக்கும் குறியீட்டைக் கணினியில் பதிய வேண்டும். பதியாமல் விட்டால் எஞ்சின் நடுங்கும், பிறகு இன்ஜெக்டரே போலி என்று சண்டை வரும். எல்லாவற்றையும் பொருத்தி முடித்ததும், திரும்பி வரும் டீசலையும் அளந்துவிடுங்கள்: நான்கு திரும்பு குழாய்களையும் நான்கு பாட்டிலில் விட்டு எஞ்சினை ஓடவிட்டால், எந்தப் பாட்டில் மற்றவற்றைவிட வேகமாக நிறைகிறதோ அந்த இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்திருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. எல்லா இன்ஜெக்டருக்கும் டீசலை அழுத்தத்தில் தேக்கி வைக்கும் காமன் ரெயில் குழாயில் அழுத்தம் 1,000 பார் அளவைத் தாண்டும். ஓடும் எஞ்சினில் கசிவைக் கையால் தடவித் தேடக் கூடாது, டீசல் ஊசி போலத் தோலுக்குள் பாயும். அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். பழைய பம்ப் காலத்துப் பழக்கத்தில், ஓடும்போதே குழாய் நட்டைத் தளர்த்தி எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்கும் ஆள் இருந்தால், வண்டியை அங்கே விடாதீர்கள்.

கேள்வி: 2.2 லிட்டர் டீசல் எஸ்யூவி. வீடு சுங்கை ஆரா, வேலை பாயான் லெப்பாஸ், தினம் 6 கிலோமீட்டர்தான். டிபிஎஃப் விளக்கு அடிக்கடி எரிகிறது. எண்ணெய் குறையாமல் கூடிக்கொண்டே போகிறதே, அது எப்படி?
– வாசகி, சுங்கை ஆரா

பதில்: கூடுவது எண்ணெய் அல்ல, டீசல். டிபிஎஃப் என்பது புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி. அது நிறைந்ததும் எஞ்சின் தானே கூடுதல் டீசலைத் தாமதமாகச் செலுத்தி, வடிகட்டியை ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றிக் கரியை எரிக்கும். அந்தக் கூடுதல் டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் வழிந்து எண்ணெய்க்குப் போகிறது. எரிப்பு முடிய 15, 20 நிமிடம் சீரான ஓட்டம் வேண்டும். நீங்களோ அது தொடங்கிய கையோடு அலுவலகம் வந்து எஞ்சினை அணைத்துவிடுகிறீர்கள். மறுநாள் மீண்டும் முதலிலிருந்து.

பினாங்குக்காரர்களுக்கு இதற்கு மருந்து வாசலிலேயே இருக்கிறது. விளக்கு எரிந்த அன்றே பத்து மாவுங்கில் இரண்டாவது பாலத்தில் ஏறுங்கள். 24 கிலோமீட்டர், சிக்னல் கிடையாது. ஒரு கியர் குறைத்து, 2,000 சுற்றுக்குக் கொஞ்சம் மேலே நிலையாக வைத்து ஓட்டினால் பத்து காவான் சேர்வதற்குள் எரிந்து முடியும். டோல் கட்டணம் புது வடிகட்டியின் விலைக்கு முன் ஒன்றுமில்லை. விளக்கு எரியாமல் மின்னத் தொடங்கிவிட்டால் பாலம் உதவாது, பட்டறையில் ஸ்கேனர் மூலம் எரிக்க வேண்டும்.

எண்ணெய்க் குச்சியை வாரம் ஒருமுறை பாருங்கள். மாஸ்டாவின் ஸ்கைஆக்டிவ்-டி எஞ்சின் குச்சியில் நிறை கோட்டுக்கு மேலே எக்ஸ் குறி ஒன்று உண்டு. எண்ணெய் அதைத் தொட்டால் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் மாற்றிவிட வேண்டும். கையேட்டில் சொன்ன குறைந்த சாம்பல் எண்ணெயையே ஊற்றுங்கள், பொதுவாக அது ஏசிஇஏ என்ற ஐரோப்பியத் தரத்தில் சி2 அல்லது சி3 வகை. கரி எரியும், எண்ணெயின் சாம்பல் எரியாது, வடிகட்டியிலேயே தங்கிவிடும். பி7 டீசல் (7 சதவீதம் செம்பனை எரிபொருள் கலந்தது) கிடைக்கும் நிலையமாகப் பாருங்கள். பி10இல் செம்பனை எரிபொருளின் பங்கு அதிகம், எண்ணெயில் கலந்துவிட்டால் அது லேசில் ஆவியாகாது. உண்மையைச் சொன்னால் தினம் 6 கிலோமீட்டருக்கு டீசல் கார் பொருத்தமில்லை. அடுத்த முறை பெட்ரோலோ ஹைபிரிட்டோ எடுங்கள்.

கேள்வி: 2024 ஜூன் 10இல் டீசல் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35க்கு ஏறியதிலிருந்து நண்பர் ஒருவர் சமையல் எண்ணெயை வடிகட்டிக் கலக்கிறார். நானும் செய்யலாமா?
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: கூடாது. பம்பில் விற்கும் பயோடீசலும் செம்பனையிலிருந்து வருவதுதான், ஆனால் மெத்தனாலோடு வினைபுரிய வைத்து, கிளிசரினைப் பிரித்தெடுத்த பிறகு வருகிறது. அப்படி மாற்றாத சமையல் எண்ணெய் டீசலைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு கெட்டி. பழைய லோரி எஞ்சின் எப்படியோ விழுங்கும். காமன் ரெயில் இன்ஜெக்டரின் துளை மயிரிழை அளவுதான், அதில் தூவலாகப் பிரியாமல் ஒழுகி பிஸ்டன் தலையில் கரியாகும். மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் டயர் காற்றைச் சரிபாருங்கள், டீசல் வடிகட்டியை 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள். மழைக்காலத்தில் அதன் அடித்திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடித்துவிட்டு, கை பம்ப் கெட்டியாகும் வரை அமுக்குங்கள்.

கேள்வி: மிட்சுபிஷியின் 4டி56 எஞ்சின் உள்ள பழைய பிக்கப் வாங்கப் போகிறேன். டைமிங் பெல்ட் மாற்றிய ரசீது இல்லை.
– வாசகர், நிபோங் திபால்

பதில்: மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள். இதில் பெல்ட் இரண்டு. பெரியது வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் பெல்ட், சின்னது அதிர்வைக் குறைக்கும் தண்டுகளுக்கானது. அது அறுந்து பெரிய பெல்ட்டில் சிக்கினால் வால்வு வளையும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோடு இரண்டையும் மாற்றும் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். 2கேடிக்கும் பெல்ட்தான், அதன்பின் வந்த 2ஜிடி, மிட்சுபிஷியின் 4என்15 ஆகியவற்றில் சங்கிலி.

கேள்வி: நிறுத்தும் முன் டர்போ ஆற வேண்டுமென்று ஐந்து நிமிடம் ஓடவிடுகிறேன். தேவையா?
– வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: கடைசி இரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி வந்தால் அதுவே போதும். நெடுஞ்சாலையில் விரட்டி வந்து ஓய்விடத்தில் நுழைந்த கையோடு அணைப்பதாக இருந்தால் மட்டும் ஒரு நிமிடம்.

கேள்வி: சாவியை அணைத்தும் எஞ்சின் நிற்காமல் தானே வேகமெடுத்ததாகக் கேள்விப்பட்டேன். நடக்குமா?
– வாசகர், ஜெலுத்தோங்

பதில்: நடக்கும். டர்போவுக்குள் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் சீல் உடைந்தால் எஞ்சின் தன் எண்ணெயையே எரிபொருளாக உறிஞ்சும். சாவி டீசலைத்தான் நிறுத்தும், எண்ணெயை அல்ல. வெள்ளையும் நீலமுமாகப் புகை தெருவை மறைக்கும். கைக்கியர் வண்டி என்றால் பிரேக்கை முழுதாக மிதித்து, உயர்ந்த கியரைப் போட்டு, கிளட்சைச் சட்டென்று விடுங்கள், எஞ்சின் திணறி நிற்கும். ஆட்டோ வண்டியில், வேகம் ஏறத் தொடங்கும்போதே, காற்று நுழையும் வாயைத் தட்டையான பலகையால் அடைக்க வேண்டும். துணியையோ கையையோ கொண்டுபோகாதீர்கள், உள்ளே இழுத்துவிடும். எஞ்சின் ஏற்கெனவே அலறிக்கொண்டிருந்தால் பானட்டைத் திறக்கவே வேண்டாம். எல்லோரையும் இறக்கிவிட்டுத் தள்ளி நின்று தீயணைப்புத் துறையை அழையுங்கள்.